வராத பிள்ளையிடமும் கேளுங்கள்: இங்கிலாந்தில் இளையோர் சேவைகளை மதிப்பாய்வு செய்யப் போன அனுபவம்

லண்டனில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், இளையோர் சேவையில் வேலை செய்கிறேன். பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும் யூத் கிளப் நடத்துவது, பார்க்கிலும் பஸ் ஸ்டாப்பிலும் நிற்கிற பிள்ளைகளைத் தேடிப் போய்க் கதைப்பது, படிப்பு, வேலை, வீட்டுப் பிரச்சினை என்று அவர்கள் எதைக் கொண்டு வந்தாலும் காது கொடுப்பது, இதுதான் எங்கள் தொழில். சில வருடங்களாக இதோடு இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. வேறு கவுன்சில்களின் இளையோர் சேவை எப்படி நடக்கிறது என்று போய்ப் பார்த்து, அங்குள்ளவர்களோடு உட்கார்ந்து கதைத்து, எதை மாற்றலாம் என்று சொல்கிற குழுக்களில் நானும் போகிறேன். பியர் ரிவ்யூ என்று இங்கே எல்லோரும் சொல்கிற சக மதிப்பாய்வு அது. எங்கள் சேவைக்கும் அப்படி ஒரு குழு வந்து போனது. மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிகிறது. கிளப்புக்கு வருகிற பிள்ளையிடம் கேட்பது எளிது. வராத பிள்ளையைப் பற்றி அந்தக் குழு என்ன தெரிந்துகொண்டு போகிறது என்பதில்தான் மதிப்பாய்வின் பயன் இருக்கிறது.

இந்தச் சேவையின் சட்ட அடிப்படையை முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பாய்வு ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்காது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 507பி பிரிவு, 13 முதல் 19 வயது வரையானவர்களுக்கும், கற்றல் சிரமமோ உடற்குறைபாடோ உள்ளவர்களுக்கு 24 வயது வரையும், ஓய்வு நேரச் செயற்பாடுகள் போதுமான அளவு கிடைக்க கவுன்சில் வழிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் 'நியாயமாக இயன்ற அளவு' என்ற சொற்களும் கூடவே இருக்கின்றன. எத்தனை கிளப், வாரத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை ஊழியர் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 2023 செப்டம்பரில் அரசு வெளியிட்ட புதிய வழிகாட்டியும் தேவையைக் கணக்கிடுங்கள், இளையோரைக் கேளுங்கள், உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து திட்டமிடுங்கள் என்று சொல்கிறதே தவிர, குறைந்தபட்ச அளவு எதையும் வைக்கவில்லை. ஆக, எது போதும் என்பதைக் கவுன்சிலே முடிவு செய்துகொள்கிறது. பணம் குறையும்போது அந்தப் 'போதும்' சுருங்கிக்கொண்டே போகும்.

சுருங்கித்தான் போனது. ஒய்எம்சிஏ என்ற தொண்டு அமைப்பு வருடா வருடம் எடுக்கிற கணக்கின்படி, 2010-11-க்குப் பிறகு இங்கிலாந்தின் கவுன்சில்கள் இளையோர் சேவைக்குச் செலவிடுகிற தொகை, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. இன்ஸ்டிடியூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு லண்டனை எடுத்துக்கொண்டது. 2010-க்கும் 2019-க்கும் இடையில் நகரத்தின் யூத் கிளப்களில் ஏறத்தாழ 30 சதவீதம் மூடப்பட்டன. பக்கத்தில் இருந்த கிளப்பை இழந்த பிள்ளைகளின் பரீட்சை முடிவுகள் சரிந்தன. 10 முதல் 17 வயதுக்குள் குற்றத்தில் சிக்குகிற வாய்ப்பு 14 சதவீதம் கூடியது. கவுன்சில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகம் கிட்டத்தட்ட மூன்று பவுண்ட் இழந்தது என்று அந்த ஆய்வு கணக்குப் போட்டது. இந்த வேலையில் இருக்கிற எங்களுக்கு அதைப் படித்தபோது ஆச்சரியம் வரவில்லை. கண்ணால் பார்த்ததை ஒருவர் எண்ணிக் காட்டிவிட்டார் என்ற நிம்மதிதான் வந்தது.

முன்பு பள்ளிகளைப் போலவே இளையோர் சேவைகளையும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசுப் பரிசோதனை அமைப்பு பார்த்து அறிக்கை கொடுத்தது. 2000-களின் இறுதியோடு அது நின்றுபோனது. அதன் பிறகு ஒரு கவுன்சிலின் இளையோர் சேவை நன்றாக நடக்கிறதா என்று வெளியிலிருந்து கேட்க ஆள் இல்லை. சக மதிப்பாய்வு இந்த இடத்தில்தான் வருகிறது. கவுன்சில்களின் கூட்டமைப்பான லோக்கல் கவர்மென்ட் அசோசியேஷன் பல வருடங்களாகக் கவுன்சில் நிர்வாகம் முழுவதற்கும் இதைச் செய்து வருகிறது. லெஸ்டரில் இருந்து இயங்கும், யூத் ஒர்க்குக்கான தேசிய அமைப்பான நேஷனல் யூத் ஏஜென்சியும் இந்தக் கூட்டமைப்பும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில், இளையோர் சேவைக்கென்றே இதை நடத்தத் தொடங்கின. மதிப்பெண் கிடையாது. தரவரிசை கிடையாது. அதே வேலையைச் செய்கிற ஆட்கள் சில நாள் வந்து தங்கி, பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். குழுவில் வேறு ஊரின் மூத்த அதிகாரி ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர், யூத் ஒர்க் தெரிந்தவர்கள் இருப்பார்கள். நல்ல குழுவில் இளையோரும் இருப்பார்கள்.

குழு வருவதற்கு முன் அந்தக் கவுன்சில் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதி அனுப்பும். அதை வாசித்தாலே பாதி தெரிந்துவிடும். சில கவுன்சில்கள் சிரிக்கிற பிள்ளைகளின் படங்களோடு விளம்பரப் புத்தகம்போல அனுப்புகின்றன. 'எங்கள் சேவையின் ஒட்டுமொத்தத் தரம் எப்படி?' என்று ஒரு கேள்வியும் இருக்கும். அப்படிக் கேட்டால் ஒட்டுமொத்தமான பதில்தான் கிடைக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'பதினாறு வயதோடு பிள்ளைகள் எங்களை விட்டுப் போகிறார்கள், ஏன்?' என்று ஒரு கவுன்சில் கேட்டிருந்தது. முதல் மணி நேரத்திலிருந்தே எங்கே போகவேண்டும், யாரைக் கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கவுன்சில் மதிப்பாய்வுக்கு விண்ணப்பிக்கிறது என்றால், உங்கள் இயக்குநர் கூட்டத்தில் கேட்க விரும்பாத இரண்டு மூன்று கேள்விகளை எழுதுங்கள். அவற்றையே குழுவிடம் கொடுங்கள்.

அடுத்தது எண்கள். வருகைக் கணக்கைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, இது வருகையா, ஆளா என்பதுதான். ஒரு பெடியன் வாரத்தில் இரண்டு மாலை, ஆண்டில் நாற்பது வாரம் வந்தால் அவன் ஒருவனே 80 வருகை. அப்படி ஐம்பது பேர் இருந்தால் அறிக்கையில் 4,000 என்று கம்பீரமாக நிற்கும். அந்த ஐம்பது பேருக்கு அந்த இடம் உயிர்போன்றது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் பதின்ம வயதினர் ஐயாயிரம் பேர் இருந்தால் மற்றவர்கள் எங்கே? 2002-இல் அரசு வெளியிட்ட ஓர் அளவுகோலில், 13-19 வயதினரில் 25 சதவீதத்தினரையாவது சேவை எட்டவேண்டும் என்று இருந்தது. இப்போது அது யாரையும் கட்டுப்படுத்தாது. என்றாலும் மனக்கணக்குக்கு நான் இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். தனி ஆட்கள் எத்தனை, கடந்த மூன்று மாதத்தில் புதிதாக வந்தவர் எத்தனை, வந்துகொண்டிருந்து நின்றுபோனவர் எத்தனை, எந்த அஞ்சல் குறியீட்டிலிருந்து வருகிறார்கள், இந்த நாலும் இருந்தால் போதும். நின்றுபோனவர்களைப் பெரும்பாலான கவுன்சில்கள் எண்ணுவதே இல்லை.

அஞ்சல் குறியீடுகளை ஒரு வரைபடத்தில் குத்திப் பார்த்தால் பல விஷயம் வெளிச்சமாகும். பெரிய சாலை ஒன்று குறுக்கே போனால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். இரண்டு எஸ்டேட்டுக்கும், அதாவது குடியிருப்புத் தொகுதிகளுக்கு இடையில், பகை இருந்தால் இடையில் கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்று இருக்கும். கவுன்சிலின் வரைபடத்தில் அது இருக்காது. பிள்ளைகளுக்கு மட்டும் அங்குலம் அங்குலமாகத் தெரியும்.

இனப்பிரிவுக் கணக்கையும் பார்க்கவேண்டும். இது எனக்குத் தனிப்பட்ட அக்கறையுள்ள விஷயம். மக்கள்தொகைப் படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று பெட்டிகள் இருக்கின்றன. ஈழத்துத் தமிழர் பெரும்பாலும் 'வேறு ஆசியர்' என்ற பெட்டியில்தான் விழுவோம். கவுன்சில்களும் அதே பெட்டிகளைத்தான் வைத்திருக்கின்றன. லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கமெல்லாம் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் யூத் கிளப்பின் வருகைக் கணக்கில் தமிழ்ப் பிள்ளை வருகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. பெட்டியே இல்லாத பிள்ளை வராவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஒரு மதிப்பாய்வில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றுக்குப் போக நேரம் கேட்டு வாங்கினேன். அங்கே ஒரு தாயிடம், நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற யூத் கிளப்பைப் பற்றிக் கேட்டேன். "விடப் பயமா இருக்கு தங்கச்சி. கூடாத பெடியள்தான் அங்க போறவங்கள் எண்டு சொல்லினம். அதோட வெள்ளிக்கிழமை பின்னேரம் டியூஷன்" என்றார். அம்மா தேத்தண்ணி எடுக்கப் போனதும் பக்கத்தில் இருந்த மகள், பதினாலு வயதிருக்கும், தாழ்ந்த குரலில் சொன்னாள்: தினமும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறாளாம், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லையாம், ஜன்னல் முழுக்க ஏதோ ஒட்டியிருக்கிறதாம். பிறகு நாங்கள் போய்ப் பார்த்தோம். பாதுகாப்புக்காக உள்ளே தெரியாதபடி கண்ணாடிகளில் தாள் ஒட்டியிருந்தார்கள். கதவில் திறக்கும் நேரம்கூட இல்லை. உள்ளே நல்ல மியூசிக் ஸ்டூடியோ, அருமையான இரண்டு ஊழியர்கள், சமையலறை எல்லாம் இருந்தன. நாங்கள் சொன்னது சின்ன விஷயம்தான்: கண்ணாடியின் மேல் பாதியைத் திறந்துவிடுங்கள், வார நிகழ்ச்சிகளைக் கதவில் போடுங்கள், பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்க்க மாதத்தில் ஒரு மாலை கொடுங்கள், அந்த அழைப்பைத் தமிழ்ப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புங்கள். அந்தத் தாயின் பயத்தைத் துண்டுப் பிரசுரம் போக்காது. உள்ளே இருக்கிற யூத் ஒர்க்கரின் முகத்தை அவர் பார்க்க வேண்டும்.

நேர அட்டவணை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். வரவேற்கிற கவுன்சில்தான் அட்டவணை போடும். காலை ஒன்பதரைக்கு இயக்குநர், பதினொன்றுக்கு நிதிப் பிரிவு, இரண்டு மணிக்கு ஊழியர் கலந்துரையாடல், ஐந்து மணிக்கு ஹோட்டல் என்று வரும். யூத் ஒர்க் தொடங்குவதே ஐந்து மணிக்குத்தான். பகலில் யூத் கிளப்பைப் போய்ப் பார்ப்பது காலியான கட்டடத்தைப் பார்ப்பதுதான். எல்லா மாலையும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அதில் ஒரு மாலை, தெருவில் வேலை செய்கிற அணியோடு நடக்க வேண்டும். கிளப்புக்கு மேலாளர் கூடவே வரவேண்டாம் என்றும் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் நிற்கிற அறையில் பகுதிநேர ஊழியர் வாய் திறக்க மாட்டார்.

அந்தப் பகுதிநேர ஊழியர்கள்தான் சேவையின் முதுகெலும்பு. வாரத்தில் இரண்டு மாலை வருவார்கள், பகலில் வேறு வேலை. இரண்டு மணிக் கலந்துரையாடலுக்கு அவர்களால் வர முடியாது, அதனால் எந்த அறிக்கையிலும் அவர்கள் குரல் இருக்காது. கிளப் மூடிய பிறகு கதிரைகளை அடுக்கும்போது கூட நின்று அடுக்கினால் எல்லாம் சொல்வார்கள். ஓர் ஊரில் அப்படித்தான் ஒருவர் சொன்னார். பிள்ளைகளுக்குப் பாணும் சீஸும் வாங்கப் பத்து பவுண்ட் வேண்டுமென்றால் படிவம் நிரப்பி, மேலே அனுப்பி, அனுமதி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிடும். அதனால் அவரே தன் காசில் வாங்கி வருவாராம். மதியம் சரியாகச் சாப்பிடாத பிள்ளைகள் யார் யார் என்று பெயர் பெயராக அவருக்குத் தெரியும். அந்தக் கவுன்சிலின் அறிக்கையில் பசி என்ற விஷயமே இல்லை. இன்னொன்றையும் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஒரு வருட மானியத்தில் ஓடுகிற திட்டங்களில் ஜனவரி பிறந்ததும் ஊழியர்கள் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளை இப்போதுதான் ஒருவரை நம்பி மனம் திறந்திருக்கும், ஈஸ்டருக்கு முன் அவர் போய்விடுவார். இது ஊழியரின் தவறு இல்லை. ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும் என்பதை டிசம்பருக்குள் எழுத்தில் சொல்லுங்கள் என்று பரிந்துரைப்பேன். அதற்குக் கூடுதல் பணம் தேவையில்லை.

இளைய மதிப்பாய்வாளர்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் பெரியவர்கள் பார்க்காததை அவர்கள்தான் பார்க்கிறார்கள். லண்டனுக்கு வெளியே ஓர் ஊரில் எங்களோடு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். கிளப்பைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது டாய்லெட் எங்கே என்று கேட்டாள். விளையாட்டு ஹாலைக் கடந்து அந்தக் கோடியில் என்றார்கள். ஹாலில் பெடியன்கள் ஃபைவ் எ சைட் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். போய்விட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எதையோ எழுதினாள். பிறகு ஊனோ சீட்டு ஆடிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். ஒரு சுற்று ஆடி முடித்துவிட்டு, எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்று கேட்டாள். ஏழு மணிக்கெல்லாம் போய்விடுவோம் என்றார்கள். கிளப் ஒன்பது வரை உண்டு. ஏன் என்றதும் வீட்டுப்பாடம், பஸ் என்று காரணங்கள் வந்தன. இவள் அவசரப்படவில்லை. இரண்டாவது சுற்றில் ஒருத்தி சொன்னாள்: டாய்லெட்டுக்குப் போகவேண்டும் என்றால் அந்த ஹாலைக் கடக்க வேண்டும், நாங்கள் நடக்கும்போது பந்தை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் இங்கே வந்தால் தண்ணீரே குடிப்பதில்லை.

அந்த ஊரின் கணக்கில் பதினாலு வயதுக்கு மேல் பெண் பிள்ளைகளின் வருகை சரிந்திருந்தது. அந்த வயதில் பெண் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிடும் என்று ஊழியர்கள் உண்மையாகவே நம்பியிருந்தார்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில், எண் பூட்டுப் போட்ட ஊழியர் டாய்லெட் ஒன்று இருந்தது. அந்தக் கதவைப் பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும்படி அன்று இரவே சொன்னோம், அந்த வாரமே திறந்துவிட்டார்கள். எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகளுக்கான மாலை ஒன்றும் தேவைப்பட்டது, ஹாலில் நடந்துகொள்ளும் முறை பற்றிப் பெடியன்களோடு கதைக்கவும் வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை எங்கள் யாராலும் கேட்டிருக்க முடியாது.

இளையோரை இதில் சேர்ப்பதென்றால் முறையாகச் சேர்க்க வேண்டும். அவர்கள் செய்வது வேலை, அதனால் மணிக்கு இவ்வளவு என்று ஊதியம் கொடுங்கள். பதினெட்டுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், முடிகிற நேரம், வீட்டுக்குத் திரும்ப வாகனம் மூன்றையும் முதலிலேயே ஒழுங்கு செய்யுங்கள். சொந்தப் பகுதிக்கு அனுப்ப வேண்டாம். நண்பர்களைப் பற்றி எழுதுகிற சங்கடம் வரும். மிக முக்கியமானது, ஒரு பிள்ளை தனக்கு நடக்கிற தீங்கைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதை முன்பே பழக்க வேண்டும். யார் சொன்னது என்று நாங்கள் எழுதமாட்டோம் என்பது மதிப்பாய்வின் பொது விதி. ஆனால் பிள்ளையின் பாதுகாப்பு என்று வரும்போது அந்த விதி பொருந்தாது. அன்றே, அந்த இடத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் போக வேண்டும். இதை ஒத்திகை பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

ஊர்ப் பிள்ளைகளின் சார்பில் பேசுகிற இளையோர் கவுன்சிலைச் சந்திக்கும்போது எனக்குக் கைகொடுப்பது, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் லாரா லண்டி 2007-இல் முன்வைத்த நாலு அம்சங்கள்: பேச இடம், குரல், கேட்கிற ஆள், தாக்கம். முதல் மூன்றும் பல ஊர்களில் இருக்கின்றன. மேயரோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் நான் நாலாவதை மட்டும்தான் கேட்பேன்: நீங்கள் சொல்லி மாறிய ஒன்றைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். ஓர் ஊரில் பிள்ளைகள் எங்களை நடத்திக்கொண்டுபோய் ஒரு தெருவிளக்கைக் காட்டினார்கள். பார்க்கின் பின்பக்க வாசலில் இருட்டாக இருக்கிறது என்று சொல்லி, இரண்டு கூட்டங்களில் விடாமல் கேட்டு வாங்கியது அது. அந்த ஊரைப் பற்றி எனக்கு அதற்கு மேல் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

குழுவின் அறையில் சுவர் முழுக்க ஒட்டுத் தாள்கள் இருக்கும். கேட்டது, பார்த்தது, வாசித்தது எல்லாம் அதில் ஏறும். ஒரே விஷயம் மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து வந்தால்தான் கண்டுபிடிப்பாக எழுதுவோம். ஒருவர் மட்டும் கோபத்தோடு சொன்னதைத் தனியாக வைத்துவிட்டு, மறுநாள் அதைப் பற்றி வேறு ஆட்களிடம் கேட்போம்.

கடைசி நாளில் முடிவுகளை நேரில் சொல்ல வேண்டும். இங்கே மொழி முக்கியம். 'கூட்டாண்மையை வலுப்படுத்துவது பற்றிப் பரிசீலிக்கலாம்' என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. 'இந்த நாலு வட்டாரங்களிலும் இயங்குகிற சிறிய அமைப்புகளின் பட்டியலை ஜூனுக்குள் இன்ன பதவியில் இருப்பவர் தயாரிக்க வேண்டும்' என்று எழுதினால் ஒருவராவது அதைச் செய்தாக வேண்டும். பரிந்துரைகளை நான் மூன்றாகப் பிரித்துக் கொடுப்பேன்: பணமே இல்லாமல் இந்த மாதம் செய்யக்கூடியவை, இருக்கிற பணத்தை இடம் மாற்றினால் முடிபவை, கவுன்சிலர்கள் வாக்களித்தால்தான் நடப்பவை. ஆறு பேர் இருக்கிற ஓர் அணியிடம் இருபது பரிந்துரைகளைக் கொட்டிவிட்டு வருவது கொடுமை. அவர்கள் எதைத் தொடங்குவது என்று தெரியாமல் எதையும் தொடங்காமல் விடுவார்கள்.

எங்கள் சேவைக்குக் குழு வந்தபோது நாங்கள் கேட்ட கேள்வி பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றியது. 'அது சின்னப் பிள்ளைகளின் இடம்' என்று அவர்கள் வெளிக் குழுவிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் மரியாதைக்காகச் சொல்லாத விஷயம். வெள்ளிக்கிழமை பத்து மணி வரை இருக்க ஓர் இடமும், வேலைக்கு விண்ணப்பிக்க உதவியும்தான் அவர்கள் கேட்டவை. நாங்கள் எட்டரைக்கு மூடியதற்குக் காரணம் யூத் ஒர்க்கே இல்லை. கட்டடக் காவலாளியின் ஒப்பந்தம் அத்தோடு முடிகிறது. வருடக்கணக்காக எங்கள் கைக்கு எட்டாமல் இருந்த அந்த ஒப்பந்தத்தை, வெளியூர்க் கவுன்சிலர் ஒருவர் எங்கள் கவுன்சிலரிடம் நேரடியாகக் கேட்ட பிறகு மாற்ற முடிந்தது. அதிகாரி சொன்னால் கோரிக்கை. இன்னொரு கவுன்சிலர் சொன்னால் அவர்களுக்குள் அது வேறு மாதிரி எடுபடுகிறது. அதனால் குழுவில் கவுன்சிலர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

மதிப்பாய்வு பணத்துக்கு மாற்று இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 2023 செப்டம்பரில் பர்மிங்காம் கவுன்சில், வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்று சொல்கிற 114-ஆம் பிரிவு அறிவிப்பு வெளியிட்டு, அத்தியாவசியச் செலவுகளைத் தவிர மற்றதை நிறுத்தியது. பராமரிப்பில் இருக்கிற குழந்தைகள், முதியோர் பராமரிப்பு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான கல்வி எல்லாவற்றுக்கும் சட்டக் கடமை இறுக்கமாக இருக்கிறது. இளையோர் சேவையின் கடமை தளர்வானது. பற்றாக்குறை வரும்போது கத்தி முதலில் அங்கேதான் விழும். அப்படிப்பட்ட ஊரில் மதிப்பாய்வின் பயன் வேறு: எதை வெட்டினால் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை, வெட்டுகிறவர்கள் வாசிக்கும்படி எழுதி வைப்பது.

ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போவதை விட்டுவிடாதீர்கள். போனால் முதலில் கிளப்பின் சுவரைப் பாருங்கள். பிள்ளைகள் என்ன கேட்டார்கள், கவுன்சில் என்ன செய்தது என்று ஒரு பலகை இருக்க வேண்டும். செய்ய முடியாதவையும் காரணத்தோடு அதில் இருக்க வேண்டும். 'ஸ்கேட் பார்க் இந்த வருடம் முடியாது, பணம் இல்லை' என்று நேரே சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். பதிலே வராமல் விட்டால்தான் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

இங்கே தமிழ்ப் பள்ளி, விளையாட்டுக் கழகம், கோயில் இளையோர் அணி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பாய்வுக் குழு ஒன்று உங்கள் கவுன்சிலுக்கு வந்தால், தொண்டு அமைப்புகளுடனான சந்திப்பு ஒன்று கட்டாயம் இருக்கும். கவுன்சிலின் இளையோர் சேவை மேலாளருக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி உங்கள் அமைப்பின் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்திப்புக்குப் போகும்போது ஒரே ஒரு தாள் போதும்: எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருகிறார்கள், ஹாலுக்கு எவ்வளவு வாடகை கட்டுகிறீர்கள், பதின்மூன்று வயதுக்குப் பிறகு எத்தனை பேர் வராமல் விடுகிறார்கள். கடைசி எண்ணை மறக்காமல் எழுதுங்கள். கூடவே பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றையும் அழைத்துப் போங்கள், முதலில் அதைப் பேச விடுங்கள்.